டேண்டம் சைக்கிளின் பின் இருக்கை: பிபிசி ரேடியோ 1 காலை நிகழ்ச்சி இளைஞர்களைப் பிடித்து வைக்கும் விதம்

இளைஞர்களைக் காலை நிகழ்ச்சிக்கு இழுக்க என்ன செய்யலாம் என்று எந்த வானொலி நிலையத்தில் பேச்சு எழுந்தாலும் முதலில் வரும் யோசனை, வயது குறைந்த ஒரு ஆர்ஜேயைப் போடு என்பதுதான். அடுத்தது, புதுப் பாட்டு நிறையப் போடு. நானும் சில வருடங்கள் ஒரு காலை நிகழ்ச்சிக்கு லிங்க், அதாவது பாட்டுகளுக்கு நடுவில் ஆர்ஜே பேசும் சின்னப் பேச்சு, எழுதிக் கொடுத்தவன், அந்த மாதிரிக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன், அந்த யோசனைகள் சரி என்றே நம்பியும் இருக்கிறேன். பிரிட்டனின் பிபிசி ரேடியோ 1 காலை நிகழ்ச்சியைப் பற்றிப் படிக்கவும் கேட்கவும் தொடங்கிய பிறகு அந்த நம்பிக்கை மாறிவிட்டது. அந்த நிலையம் இரண்டையும் முழு மனதோடு செய்து பார்த்தது. அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்த்தால், இளம் நேயர்கள் வருவதற்கான காரணம் வேறு எங்கோ இருப்பது தெரிகிறது.

ஏன் இந்த நிகழ்ச்சி என்றால், இது 1967 முதல் ஓடுகிறது, ஆர்ஜேக்கள் மாறினாலும் காலை இடம் மாறவில்லை. அப்புறம், விளம்பரம் கிடையாது. மக்கள் டிவிக்குக் கட்டும் லைசென்ஸ் கட்டணத்தில் நடப்பது. அதனால் யாருக்காக நடத்துகிறோம் என்ற கேள்விக்கு இவர்கள் வெளிப்படையாகப் பதில் சொல்லியே ஆக வேண்டும். 15 முதல் 29 வயது வரை என்பது அவர்களுக்கு விதிக்கப்பட்ட எல்லை.

இந்த எல்லையில் இருக்கும் சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் ஒரு வகுப்பு படித்து முடித்து வெளியே போகும், கீழே புதுப் பிள்ளைகள் வந்து சேருவார்கள். வானொலியில் அப்படி நடப்பதில்லை. 20 வயதில் ஒரு குரலோடு பழகியவர் 40 வயதிலும் அதே குரலைத்தான் தேடுவார், தானாக எழுந்து போகமாட்டார். தனியார் நிலையம் என்றால் இதைக் கொண்டாடுவார்கள். ரேடியோ 1க்கு இது குறை. வயதானவர்களுக்கு பிபிசியிலேயே ரேடியோ 2 இருக்கிறது, அங்கே போக வேண்டியவர்கள் இங்கேயே தங்கிவிட்டால் புதிதாக வருபவருக்கு இந்த வீடு அண்ணன் அக்காக்களின் வீடாகத் தெரிகிறது. நன்றாக நடத்துவதே நிகழ்ச்சிக்கு வயதேற்றிவிடும் என்ற இந்த நிலைமை எனக்கு மிகவும் கடினமான ஒன்றாகப் படுகிறது.

கடலிலிருந்து வந்த குரல்கள்

ரேடியோ 1 பிறந்ததே இளைஞர்கள் வேறு பக்கம் போய்விட்டதால்தான். 1964இல் ரேடியோ கரோலைன் கடலில் கப்பலை நிறுத்திக்கொண்டு பாப் பாட்டுகளை ஒலிபரப்பத் தொடங்கியது, பின்னாலேயே ரேடியோ லண்டன் போன்றவை வந்தன. பிபிசியில் அன்று கிடைக்காததெல்லாம் அங்கே கிடைத்தது. 1967 ஆகஸ்டில் அரசு சட்டம் போட்டு அந்தக் கப்பல் நிலையங்களை முடக்கியது, அதே வருடம் செப்டம்பர் 30ஆம் தேதி காலை 7 மணிக்கு ரேடியோ 1 தொடங்கியது. முதல் குரல் டோனி பிளாக்பர்ன், அவரே அந்தக் கப்பல்களில் வேலை பார்த்தவர்தான். ஜான் பீல், கென்னி எவரெட் போன்றவர்களும் அங்கிருந்து வந்தார்கள்.

பிளாக்பர்ன் தன் நிகழ்ச்சியில் ஆர்னல்ட் என்று ஒரு நாயை வைத்திருந்தார். நாய் ஸ்டூடியோவில் கிடையாது, பதிவு செய்த குரைப்பு மட்டும்தான். அவர் பேசுவார், ஆர்னல்ட் குரைக்கும். இதைச் சின்ன விஷயம் என்று நான் தள்ளமாட்டேன். தினமும் கேட்பவருக்கு மட்டும் ஆர்னல்ட் யாரென்று தெரியும், புதிதாக வந்தவர் இரண்டு நாள் கேட்டால் அவருக்கும் தெரிந்துவிடும். காலை நிகழ்ச்சியில் பழக்கம் என்பது இப்படித்தான் உண்டாகிறது. அம்பது வருடம் கழித்து வந்த ஒருவர் இதையே வேறு விதமாகச் செய்கிறார், அதற்குப் பின்னால் வருகிறேன்.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1993இல் மேத்யூ பானிஸ்டர் என்பவர் நிலையத்தின் பொறுப்புக்கு வந்து, பல வருடங்களாக இருந்த பெரிய பெயர்கள் பலர் வெளியே போனார்கள், அவர்களோடு லட்சக்கணக்கான நேயர்களும் போனார்கள். 1995இல் கிறிஸ் எவன்ஸ் காலைக்கு வந்து கூட்டத்தைத் திரும்பக் கூட்டினார். வெள்ளிக்கிழமை விடுப்பு கேட்டார், நிலையம் மறுத்தது, 1997இல் கிளம்பிவிட்டார். ஸோயி பால் 1998 முதல் தனியாக நடத்தினார், அடுத்து சாரா காக்ஸ். இந்த ஒவ்வொரு மாற்றத்திலும் நிலையம் கேட்டுக்கொண்ட கேள்வி அடுத்த குரல் யாருடையது என்பதுதான். நேயர் என்ன செய்வார் என்பது அந்தப் பேச்சில் பெரும்பாலும் இல்லை. இவர்களுக்கெல்லாம் முன்பு காலை நிகழ்ச்சி நடத்திய சைமன் மேயோவின் காலத்தில் மட்டும் ஒரு நல்ல விதிவிலக்கு இருந்தது. நேயர்கள் தாங்கள் செய்த பழைய தப்பை எழுதி அனுப்பி மன்னிப்புக் கேட்கும் பகுதி அது, நிகழ்ச்சியின் நல்ல கதைகள் நேயர்களிடமிருந்து வந்தன.

மொய்ல்ஸ் போய் கிரிம்ஷா வந்தது

2004 ஜனவரியில் கிறிஸ் மொய்ல்ஸ் வந்தார். இவருடையது கும்பல் நிகழ்ச்சி. ஒருவர் பேச, செய்தி வாசிப்பவர், தயாரிப்பாளர், கூடவே ஒரு நண்பர் என்று ஸ்டூடியோவில் எல்லாரும் பேசுவார்கள். பாட்டு குறைவு, பேச்சு அதிகம். நேயர் ஒரு நண்பர் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்பது போல இருக்கும். இது பெரிய வெற்றி, கூட்டம் 70 லட்சத்தைத் தாண்டிப் போனது. 2011இல் காமிக் ரிலீஃப் என்ற பிரிட்டிஷ் தொண்டு அமைப்பின் நன்கொடைக்காக அவரும் அவருடைய கூட்டாளியும் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஒலிபரப்பினார்கள், 20 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. இளைஞர்கள் இரவெல்லாம் விழித்திருந்து கேட்டார்கள், ஏனென்றால் ஸ்டூடியோவில் அந்த இருவரும் தூங்கிவிடுவார்களா என்பது யாருக்கும் தெரியாது. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மொய்ல்ஸோடு அவருடைய நேயர்களுக்கும் வயதாகிக்கொண்டு வந்தது. பிபிசியை மேற்பார்த்த டிரஸ்ட், நிலையம் இளையவர்கள் பக்கம் திரும்ப வேண்டும் என்று அழுத்தியது. 2012 செப்டம்பரில் 38 வயது மொய்ல்ஸ் இறங்கினார், 28 வயது நிக் கிரிம்ஷா ஏறினார்.

கிரிம்ஷாவின் ஆறு வருடங்களை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன், அப்படிச் சொல்பவர்கள் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். அவருக்குக் கொடுத்த வேலையே ஒருவகையில் கூட்டத்தைக் குறைப்பது. அன்றைய நிலையத் தலைவர் பென் கூப்பர், 30 வயது தாண்டியவர்கள் விலகிப் போவதைத் தான் விரும்புவதாகப் பகிரங்கமாகவே சொன்னார். முதல் வருடத்திலேயே ஏறக்குறைய 10 லட்சம் பேர் குறைந்தார்கள். 2017இல் கூட்டம் 50 லட்சத்துக்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது. பத்திரிகைகள் ஒவ்வொரு காலாண்டும் தலைப்புப் போட்டன. ஒருவரை வேலைக்கு வைத்து, ஆட்களை விலக்கச் சொல்லி, ஆட்கள் விலகியதும் உலகமே அவரைக் கேள்வி கேட்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அவர் நிகழ்ச்சி எப்படி இருந்தது? பிரபலங்கள் வருவார்கள், அவர்கள் பெரும்பாலும் அவருக்கு உண்மையிலேயே நண்பர்கள். அவருடைய புகழ்பெற்ற விளையாட்டில் வந்த விருந்தினரின் கைபேசியிலிருந்து ஒரு பெயரை எடுப்பார்கள், அந்த ஆளுக்கு ஏடாகூடமாக ஒரு போன் போட வேண்டும், இல்லையென்றால் அந்த எண்ணை அழித்துவிட வேண்டும். இரண்டு நிமிட வீடியோவாக யூடியூபில் பார்க்க அருமையாக இருக்கும். கேள், பார், பகிர் என்பது அன்று நிலையத்தின் கொள்கை, அந்தக் கொள்கைக்கு அச்சாகப் பொருந்திய விளையாட்டு. ஆனால் அதில் நேயருக்கு என்ன வேலை? பார்ப்பது மட்டும்தான். அதை நாளைக்குப் பார்க்கலாம், அடுத்த வாரமும் பார்க்கலாம், காலை 8 மணிக்கு வானொலியைப் போட வேண்டிய கட்டாயம் எதுவும் அதில் இல்லை. அப்படிப் பார்க்க முடிகிறதை இளைஞர்கள் அப்படியே பார்த்தார்கள். இதை நான் அவர்களுடைய தவறாகவும் பார்க்கவில்லை, கிரிம்ஷாவின் தவறாகவும் பார்க்கவில்லை.

எண்ணும் விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை

பிரிட்டனில் வானொலிக் கூட்டத்தை எண்ணுவது ராஜார் என்ற அமைப்பு, பிபிசியும் தனியார் நிலையங்களும் சேர்ந்து நடத்துவது. 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒரு வாரத்துக்கு டைரி எழுதுவார்கள், எந்தக் கால் மணி நேரத்தில் எந்த நிலையத்தைக் கேட்டோம் என்று. அந்தக் கால் மணி நேரத்தில் குறைந்தது 5 நிமிடம் கேட்டிருந்தால் கணக்கில் சேரும். அதாவது வாரத்தில் ஒரே ஒரு நாள் 5 நிமிடம் கேட்ட 50 வயதுக்காரரும், தினமும் ஒரு மணி நேரம் கேட்கும் 19 வயதுப் பெண்ணும் அந்தப் பெரிய தலைப்பு எண்ணில் ஒன்றாகத்தான் எண்ணப்படுகிறார்கள். இளைஞர்களுக்கான நிகழ்ச்சியை அந்த ஒற்றை எண்ணால் எடைபோடுவது தப்பு. சராசரி வயது என்ன, எவ்வளவு நேரம் தங்குகிறார்கள், எத்தனை நாள் திரும்பி வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கூடவே யூடியூபில் பார்ப்பவர் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

32 வயதுக்காரர் செய்தது

2018 மே மாதக் கடைசியில் ஒரு அறிவிப்பு வந்தது. கிரிம்ஷாவும், மாலை நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்த கிரெக் ஜேம்ஸும் இடம் மாற்றிக்கொள்கிறார்கள். ஆகஸ்ட் 20ஆம் தேதி கிரெக் ஜேம்ஸ் காலைக்கு வந்தார். வயது 32. இளைஞர்களைப் பிடிக்க வந்தவர், நிலையம் வரைந்த 29 என்ற எல்லையைத் தாண்டியவர்! கிரிம்ஷா வந்தபோது இருந்த வயதைவிட நான்கு அதிகம். இதில்தான் எனக்கு இந்தக் கதையே சுவாரசியமாகிறது, ஏனென்றால் வயது குறைந்த ஆர்ஜேதான் மருந்து என்றால் இது தலைகீழான வைத்தியம்.

அவர் கல்லூரி வானொலியில் வளர்ந்தவர். கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே மாணவர் நிலையத்தில் பேசியவர், 2007இல் நேராக ரேடியோ 1க்கு வந்து விடியற்காலை நேரத்திலிருந்து படிப்படியாக ஏறியவர். கேட்க ஆளே இல்லாத நேரத்தில் பேசிப் பழகியவர்களுக்கு ஒரு குணம் உண்டு, போன் செய்யும் ஒவ்வொருவரையும் அவர்கள் விலை மதிப்பானவராக நடத்துவார்கள். இதை நான் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

அவருடைய நிகழ்ச்சியில் நேற்றைய வினாடிவினா என்று ஒன்று. பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. இன்று கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் நேற்றைய நிகழ்ச்சியிலேயே வந்துவிட்டவை. நேற்றுக் கேட்டவர் ஜெயிப்பார், கேட்காதவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் திணறுவார். இதை யோசிக்க யோசிக்க எனக்கு வியப்புத்தான். வினாடிவினா என்றாலே வயதும் படிப்பும் உள்ளவர்கள் கை ஓங்கும், பதினாறு வயதுப் பையன் பின்வாங்குவான். இங்கே அவனுக்கும் ஒரு பேராசிரியருக்கும் தகுதி ஒன்றுதான், நேற்றுக் காலை இங்கே இருந்தாயா என்பது மட்டும். இன்றைக்குக் கேட்டால் நாளைக்கு அவன்தான் கெட்டிக்காரன். யூடியூபில் இதை வெட்டிப் போட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை, இதன் ருசி முழுக்க அந்த நேரத்தில் அங்கே இருப்பதில்தான். பரிசு பெரிதாக இல்லாமலேயே இது நடக்கிறது. ஆர்னல்ட் நாய் செய்த வேலையைத்தான் இதுவும் செய்கிறது, கூடுதலாக நேயரிடம் ஒரு பொறுப்பையும் கொடுக்கிறது.

இன்னொன்று, ஊரோடு ஒத்துவராத கருத்து. நேயர் போனில் வந்து ஊரே ஒப்புக்கொள்ளாத ஒன்றைச் சொல்லி வாதாட வேண்டும். அரசியல் கிடையாது, எல்லாம் அன்றாடச் சின்ன விஷயங்கள். மற்ற நேயர்கள் கொதித்துப் போய் மெசேஜ் அனுப்புவார்கள். இதில் கவனிக்க வேண்டியது, ஆர்ஜே யாரையும் கேலி செய்து மட்டம் தட்டுவதில்லை. பழைய காலை நிகழ்ச்சிகளில் போன் செய்யும் நேயர் பெரும்பாலும் நகைச்சுவைக்கான தீனி, ஏமாற்றிப் போன் போடுவது ஒரு தனிக் கலையாகவே இருந்தது. இளைஞர்கள் அந்த வகை அவமானத்தைக் கூர்மையாகக் கவனிக்கிறார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இன்று அவர்கள் சொன்ன ஒரு வார்த்தை பதிவாகி எங்கேயும் போய் நிற்கலாம். தன்னைக் கோமாளியாக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒரு பத்தொன்பது வயதுக்காரர் காலை எட்டு மணிக்கு நாடே கேட்கப் பேசத் துணிவார்.

2020இல் கிரெக் ஜேம்ஸ் பிராட்ஃபோர்டில் இருக்கும் தேசிய அறிவியல், ஊடக அருங்காட்சியகத்தில் ஒரு புதிர் அறைக்குள் அடைக்கப்பட்டார். துப்புகளை அவிழ்த்தால்தான் கதவு திறக்கும், அதற்கு நேயர்கள்தான் உதவ வேண்டும். ஒரு நாளைக்கு மேல் உள்ளேயே இருந்தார், நிகழ்ச்சியும் அங்கிருந்தே நடந்தது. மொய்ல்ஸின் மாரத்தானைப் பற்றி மேலே சொன்னேனே, அடுத்து என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது என்பது, அது இங்கேயும் இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். மொய்ல்ஸ் விழித்திருந்தார், நேயர்கள் கேட்டார்கள், பணம் அனுப்பினார்கள். இங்கே நேயர் யோசிக்காவிட்டால் கதவே திறக்காது. இன்னொரு முறை இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் இருக்கும் கார்ன்வாலிலிருந்து ஒரு பேஸ்டியை, அது அந்த ஊரின் பேர் போன தின்பண்டம், நேயர்களே கைமாற்றிக் கைமாற்றி ஸ்காட்லாந்து வரை கொண்டுபோனார்கள். யாரோ ஒருவர் காரை எடுத்துக்கொண்டு வந்து அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். முன்பின் தெரியாதவர்கள், ஒரே நிகழ்ச்சியைக் கேட்கிறார்கள் என்பதைத் தவிர அவர்களுக்குள் வேறு உறவு கிடையாது.

2025 மார்ச்சில் காமிக் ரிலீஃபுக்காக அவர் 1,000 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தார், வெஸ்டன்-சூப்பர்-மேரிலிருந்து எடின்பரோ வரை. எடுத்துக்கொண்டது டேண்டம் சைக்கிள், இருவர் மிதிப்பது. பின் இருக்கையில் வழியில் ஆட்கள் மாறி மாறி ஏறினார்கள். 10 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. தனி சைக்கிளில் போயிருந்தாலும் பணம் சேர்ந்திருக்கும். ஆனால் இந்த மனிதர் நிகழ்ச்சி நடத்தும் விதம் முழுவதும் அந்த ஒரு காலி இருக்கையில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. எதைச் செய்தாலும் இன்னொருவர் ஏறி மிதிக்க ஒரு இடத்தை முதலிலேயே விட்டுவிடுகிறார்.

குரலைத் தவிர மற்றவை

எல்லாப் புகழையும் ஒருவருக்கே கொடுப்பதும் சரியில்லை. 2018 ஜூனில் நிலையம் வார இறுதி அட்டவணையை வெள்ளிக்கிழமையே தொடங்கிவிட்டது, இளைஞர்களின் மனதில் வாரம் எப்போது முடிகிறது என்று பார்த்து எடுத்த முடிவு. கிரிம்ஷா காலத்தில் 6.30க்குத் தொடங்கிய நிகழ்ச்சி பின்னாளில் 7 மணிக்குத் தள்ளி, 10.30 வரை போனது. எட்டரைக்கு எழும் கல்லூரி மாணவருக்கு இந்த ஒரு மாற்றம் நூறு ஜிங்கிளைவிடப் பெரியது. மேலும் 1973 முதல் நியூஸ்பீட் என்ற செய்திப் பிரிவு இருக்கிறது. நாட்டு நடப்பை இளைஞர்களுக்குப் புரியும் வார்த்தையில், அவர்களை மட்டமாக நினைக்காமல் சொல்வது அதன் வேலை. பாட்டும் சிரிப்புமாக இருக்கும் நிகழ்ச்சியின் நடுவில் ஒரு துயரச் செய்தி வரும்போது எப்படி மாறிப் பேசுவது என்பது காலை ஆர்ஜேக்களுக்கு மிகவும் கஷ்டமான வேலை, அதைத் தாங்கிப் பிடிக்க இப்படி ஒரு பிரிவு பக்கத்திலேயே இருப்பது பெரிய பலம்.

பாட்டைப் பற்றி அதிகம் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. புதுப் பாட்டு இன்று எல்லார் கைபேசியிலும் இருக்கிறது, அதைத் தருவதால் மட்டும் யாரும் வரப்போவதில்லை. 1967இல் அது போதுமாக இருந்தது, வேறு வழியே இல்லாத காலம் அது.

எனக்குச் சம்மதமில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். வயதானவர்களை விரட்டினால் இளையவர்கள் வருவார்கள் என்ற கணக்கை நான் ஏற்கவில்லை. விலகியவர்கள் விலகினார்கள், ஆனால் அந்த நாற்காலிகள் தானாக நிரம்பவில்லை. இந்த வயதினர் நேரடி வானொலி கேட்கும் நேரமே வருடா வருடம் குறைந்துகொண்டு வருகிறது, காலை நிகழ்ச்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த ஓட்டத்தை அது தனியாக நிறுத்திவிட முடியாது. பேஸ்டியைச் சுமந்து போனவர்களில் 45 வயதுக்காரர் ஒருவர் இருந்தால் அதனால் 19 வயதுக்காரருக்கு என்ன நஷ்டம்? அந்த 45 வயதுக்காரர் ஓட்டும் காரின் பின்சீட்டில்தான் அடுத்த பத்து வருடத்து நேயர் பள்ளிச் சீருடையில் உட்கார்ந்திருக்கிறார். இளைஞர்களுக்கான நிகழ்ச்சி என்றால் இளைஞருக்கு அங்கே செய்வதற்கு வேலை இருக்க வேண்டும், அவ்வளவுதான், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது இரண்டாம் பட்சம்.

கிரெக் ஜேம்ஸ் பிறந்தது 1985 டிசம்பர். மொய்ல்ஸை இறக்கியபோது அவருக்கு இருந்த வயதை இவர் எப்போதோ தாண்டிவிட்டார், என்றைக்காவது இவருக்குப் பதிலாக யார் என்ற பேச்சும் வரும். அந்தக் கூட்டத்தில் வயதுக் கணக்கை எடுத்துப் பேச நிறையப் பேர் இருப்பார்கள். நான் அங்கே இருந்தால், வருகிறவருக்குப் போன் எடுக்கத் தெரியுமா, எதிர்முனையில் திக்கித் திக்கிப் பேசும் ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணை அவசரப்படுத்தாமல் பேச விடத் தெரியுமா என்று கேட்பேன்.